கால்மாட்டு விரிப்பு

அம்மா இறந்து ஒரு மாதம்கூட முடியவில்லை, அதற்குள் ஊர் சுற்றக் கிளம்பிவிட்டாள் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். பேசியதில் பொய் இல்லை. கிளம்பத்தான் செய்தாள். ஆனால் அவளாகக் கிளம்பவில்லை, சிநேகிதிகள் கிளப்பிக்கொண்டு போனார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். டிக்கெட் எப்போதோ போட்டது. இருப்பதிலேயே மலிவான டிக்கெட், ரத்து செய்தால் ஒரு பைசா திரும்பி வராத ரகம். வேண்டாம் என்று சொல்வதற்கும் மனதில் ஏதாவது ஓட வேண்டுமே. அவளுக்கு ஒன்றும் ஓடவில்லை. சரி என்று சொல்வது சுலபமாக இருந்தது. சொல்லிவிட்டாள்.

அவளுக்கு வீட்டில் வைத்த பேர் ஒன்று உண்டு. சிநேகிதிகள் வட்டத்தில் மடிப்பு என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பாள். வேலை தேடி வந்த நாலு பெண்கள் ஒரு காலத்தில் ஒரு பெண்கள் விடுதியில் ஒரே அறையில் மாட்டிக்கொண்டார்கள். அந்த அறையில் நாலு கட்டில், ஒரு ஜன்னல், தண்ணீர் வந்தால் வரும் வராவிட்டால் இல்லை என்கிற ஒரு குளியலறை. அங்கே ஒட்டிக்கொண்ட பேர்கள் இன்றுவரை உரியவில்லை. சின்னக் குழந்தைகள் பள்ளியில் வேலை பார்ப்பவள் டீச்சர். சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறவள் கல்லாப்பெட்டி. தையல் கடையில் இருப்பவள், ஆளும் ஒல்லி, அதனால் குண்டூசி. பெரிய ஹோட்டலில் அறை சுத்தம் செய்து படுக்கை விரிக்கிறவள் மடிப்பு.

படுக்கை விரிப்பதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் ஒருநாள் அந்தத் தள்ளுவண்டியைத் தள்ளிப் பார்க்க வேண்டும். ஓர் அறைக்குள் நுழைந்தால் பழைய விரிப்பை உருவி, மெத்தையைத் தட்டி, புது விரிப்பை ஒரே உதறலில் நடுவில் விழ வைக்க வேண்டும். அதன்மேல் போர்வை. இரண்டையும் சேர்த்துக் கால்மாட்டில் மெத்தைக்கு அடியில் சொருகி, மூலையைக் கடித உறை மாதிரி சாய்த்து மடித்து, கையை அடியில் விட்டு இழுத்து இறுக்க வேண்டும். மேற்பார்வைக்கு வருகிற மேடம் உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார். ஒரு சுருக்கம் கையில் பட்டால் மொத்தத்தையும் உருவிப் போட்டுவிட்டு, "புதுச் சட்டை பிரிச்ச மாதிரி இருக்கணும்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். ஆரம்பத்தில் மடிப்பு இதற்காக அழுதிருக்கிறாள். பிறகு அவள் விரித்த படுக்கையை மேடம் தடவிப் பார்ப்பதையே விட்டுவிட்டார். புதிதாக வேலைக்கு வருகிறவர்களை அழைத்து வந்து காட்டுவதோடு சரி.

கெட்ட பழக்கமும் அப்போதுதான் வந்தது. எங்கே கலைந்த படுக்கையைப் பார்த்தாலும் கை சும்மா இருக்காது. கல்யாண வீட்டில் குழந்தைகள் புரண்ட ஜமுக்காளத்தைக்கூட நேராக்குவாள். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னாலேயே சோபா விரிப்பை இழுத்துச் சொருகியவள் என்று டீச்சர் இன்றும் கேலி செய்வாள். அந்த இடம் அமையவில்லை, அதற்குப் பிறகும் அமையவில்லை. அதைப் பற்றி அவளுக்குப் பெரிய வருத்தமும் இருந்ததில்லை. ஹோட்டலை ஒட்டியே தங்க இடம் கொடுத்திருந்தார்கள். அம்மா அண்ணன் வீட்டில் இருந்தாள். அம்மாவின் கட்டிலை அண்ணிதான் தட்டிப் போடுவாள். ஊரில் உள்ளவர்கள் படுக்கையெல்லாம் விரித்தவள் பெற்ற தாயின் படுக்கையை விரித்ததில்லை. விருந்தாளி மாதிரி வருவாள், சாப்பிடுவாள், கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுவாள்.

அம்மா படுக்கிற விதம் மட்டும் அவளுக்கு நன்றாகத் தெரியும். சின்ன வயதில் அம்மாவுக்கும் அண்ணனுக்கும் அவளுக்கும் சேர்த்து ஒரே போர்வை. எவ்வளவு குளிரடித்தாலும் அம்மாவின் இரண்டு பாதங்களும் போர்வைக்கு வெளியேதான் இருக்கும். "உள்ள வைம்மா, கொசு கடிக்கும்" என்றால், "காலுக்கு மூச்சு வேணும்டி" என்பாள். காலுக்கு எங்கேம்மா மூக்கு என்று கேட்டு இரண்டு பிள்ளைகளும் சிரிப்பார்கள்.

அந்த அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு மடிப்பு தினமும் வேலைக்கு முன்னால் ஒருதரம் போய்ப் பார்த்தாள். கடைசியாகப் போன அன்று அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். படுக்கையோ பார்க்கச் சகிக்கவில்லை. விரிப்பு ஒரு பக்கம், போர்வை ஒரு பக்கம். அண்ணன் மருந்து வாங்கப் போயிருந்தான். நர்ஸிடம் கேட்டுப் புது விரிப்பு வாங்கி, தூங்குகிறவளை எழுப்பாமல் ஒருக்களித்துப் புரட்டி, பாதிப் பாதியாக மாற்றி, போர்வையை விரித்துச் சரிசெய்தாள். நர்ஸ் எட்டிப் பார்த்து, "என்னக்கா, ஹோட்டல் ரூம் மாதிரி ஆக்கிட்டீங்க" என்றாள். மடிப்புக்குப் பெருமைதான். அம்மாவின் நெற்றியைத் தொட்டுவிட்டு வேலைக்குப் போனாள்.

அன்று சாயங்காலம் அண்ணன் போன் செய்தான். அவள் இரண்டு கையிலும் தலையணை உறைகளோடு, போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு பேசினாள்.

"அம்மா காலை ஆட்டிக்கிட்டே இருக்காங்க. என்னன்னு தெரியல."

"வலியா இருக்கும்ணா. நர்ஸைக் கூப்பிடு. நான் நாளைக்கு வந்துடறேன்."

விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவள் வந்தபோது அம்மாவை வெள்ளைத் துணி போட்டு மூடியிருந்தார்கள்.

அவள் அழவில்லை. அழக் கூடாது என்று இருக்கவில்லை, வரவில்லை. வந்தவர்களுக்கு டீ கொடுத்தாள், செருப்புகளை ஒழுங்காக வரிசையில் வைத்தாள், எல்லாரும் போன பிறகு அம்மாவின் புடவைகளை மடித்து வைத்தாள். பயணம் சொல்லிக்கொள்ள அவள் போன அன்று அண்ணன் வெடித்துவிட்டான். அண்ணியும் பக்கத்து வீட்டுக்காரர்களும் பார்த்துக்கொண்டிருக்க, "அம்மாவுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடல. இப்ப டூர் வேற. மரக்கட்டைடி நீ!" என்றான். பஸ்ஸில் உட்கார்ந்து நிதானமாக யோசித்துப் பார்த்தாள். அண்ணன் சொன்னது சரியாகத்தான் இருக்குமோ என்று தோன்றியது. அதற்கும் அழுகை வரவில்லை. இப்படியே இருந்துவிடுவோமோ என்று மட்டும் உள்ளே எங்கோ லேசாகப் பயம்.

இந்தப் பயத்தை முதுகில் சுமந்துகொண்டுதான் அவள் விமானம் ஏறினாள். முதுகில் வேறு எதையும் அதிகம் சுமக்கக் கல்லாப்பெட்டி விடவில்லை. ஆளுக்கு ஒரு முதுகுப்பை, அதற்கு மேல் எடை போனால் தனிக் காசு என்பதால், மிஞ்சிய துணியையெல்லாம் உடம்பிலேயே போட்டுக்கொள்ளச் சொன்னாள். மூன்று சுடிதாரை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்ட குண்டூசி, வாழ்க்கையிலேயே முதல் தடவையாகச் சதைப்பிடிப்பாகத் தெரிந்தாள். போய் இறங்கிய பாஷை தெரியாத தேசத்திலோ அடுப்படிக்குள் நுழைந்த மாதிரி வெக்கை. விமான நிலையக் கழிப்பறையில் வரிசையாக நின்று துணியைக் கழற்றினார்கள். மற்ற மூன்று பேரும் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். மடிப்பு கழற்றிய துணிகளை மடித்துப் பையில் வைத்தாள்.

அப்புறம் ஊர் ஊராகப் போனார்கள். டாக்ஸி கூடாது, பஸ். பஸ் நிற்கிற இடத்திலிருந்து நடை. தங்குவது பொது அறைகளில், மேலும் கீழுமாக அடுக்கிய இரும்புக் கட்டில்களில், முன்பின் தெரியாத வெள்ளைக்காரப் பிள்ளைகளின் ஈரத் துண்டுகளுக்கு நடுவே. நாலு பேருக்கு ஒரு இளநீர், நாலு ஸ்ட்ரா. "ஒரே மாதிரி உறிஞ்சுங்கடி, டீச்சர் மட்டும் மோட்டார் போடறா" என்று கல்லாப்பெட்டி கண்காணிப்பாள். பச்சை என்றால் அப்படியொரு பச்சை, கடல் என்றால் அப்படியொரு நீலம். அழகாக இருக்கிறது என்று மடிப்புக்குத் தெரிந்தது. தெரிந்ததோடு சரி.

எந்த ஊரில் தங்கினாலும் காலையில் முதல் வேலையாகத் தங்கள் நாலு கட்டிலையும் விரித்து, மூலை மடித்து, சொருகி வைப்பாள். கை நிற்காமல் மற்றவர்கள் கட்டிலையும் விரிப்பாள். ஒரு விடுதிக்காரர் அறைக்குள் வந்து பார்த்துவிட்டு, தப்பான இடத்துக்கு வந்துவிட்டோமோ என்று வாசலில் மாட்டியிருந்த எண்ணைத் திரும்பிப் பார்த்தார். நீங்கள் இங்கேயே இருந்துவிடுங்கள் என்று சைகையில் கேட்டார். "சம்பளம் என்னன்னு கேளுடி" என்றாள் கல்லாப்பெட்டி.

டீச்சருக்கு வேறு கவலை. மடிப்பை எப்படியாவது அழவைத்துவிட வேண்டும். துக்கத்தை உள்ளே பூட்டி வைத்தால் உடம்புக்கு ஆகாது என்று எங்கேயோ கேட்டிருக்கிறாள். சொல்லுகிற பேச்சைக் கேட்கிற சின்னக் குழந்தைகளோடேயே இருந்து பழகியவளுக்குப் பெரியவர்களையும் அப்படி நடத்தலாம் என்று ஒரு நம்பிக்கை. அருவிக்குக் கூட்டிப் போய்த் தனியாக நிறுத்தினாள். படகில் சோகப்பாட்டுப் போட்டாள். கடைசியில் ஒரு சாயங்காலம் கடற்கரையில் சூரியன் இறங்குகிற நேரம் பார்த்து, மடிப்பைப் பாறைமேல் உட்காரவைத்து, தோளில் கை போட்டு, துவைத்து மடித்த கைக்குட்டை ஒன்றை முன்கூட்டியே அவள் கையில் திணித்தாள்.

"மனசுல இருக்கறதையெல்லாம் கொட்டிடுடி. நாங்க இருக்கோம்."

மடிப்பு சூரியனைப் பார்த்தாள். மனதுக்குள்ளும் தேடிப் பார்த்தாள், டீச்சரை ஏமாற்றக் கூடாதே என்று.

"எனக்கு ஒண்ணுக்குப் போகணும்டி" என்றாள்.

கல்லாப்பெட்டி சிரிப்பை அடக்க முடியாமல் மணலில் உட்கார்ந்துவிட்டாள். டீச்சருக்கு ரோஷம் வந்துவிட்டது. கைக்குட்டையைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டு, "இனிமே நான் வாயே திறக்கல" என்று விடுவிடுவென்று நடந்தாள். குண்டூசி மட்டும் மடிப்போடு கழிப்பறை வரைக்கும் துணைக்குப் போனாள். திரும்பும்போது, "அழுகை வரலன்னா விடு. வரும்போது வரட்டும்" என்றாள். வராவிட்டால் என்ன செய்வது என்று மடிப்பு தனக்குள்ளேயே கேட்டுக்கொண்டாள்.

அடுத்த ஊருக்குப் படகில்தான் போக வேண்டும். கூரை போட்ட படகுக்குக் கூடுதல் கட்டணம் என்பதால் கல்லாப்பெட்டி திறந்த படகைப் பிடித்தாள். வழியில் மழை கொட்டித் தீர்த்துவிட்டது. தொப்பலாக நனைந்து போய் இறங்கினார்கள். மற்றவர்கள் தும்மலோடு தப்பித்தார்கள். குண்டூசிக்கு மறுநாள் மத்தியானம் ஜுரம் ஏறிவிட்டது. பல் கிட்டித்துக்கொண்டு நடுங்கினாள். குற்ற உணர்ச்சியில் கல்லாப்பெட்டி குடையைத் தூக்கிக்கொண்டு மருந்துக்கடை தேடி ஓடினாள், பேரம் பேச மாட்டேன் என்று அவளாகவே சத்தியம் செய்துவிட்டு. டீச்சர் ஈரத்துணி நனைத்துப் போட்டு, கஷாயம் போடலாமா என்று சமையலறையில் தேடி, ஒன்றும் கிடைக்காமல், ஐந்து நிமிஷம் சாய்கிறேன் என்று மேல்கட்டிலில் ஏறியவள் அப்படியே தூங்கிப்போனாள். வெளியே தகரக் கூரைமேல் மழை அடித்தது. அறையில் தங்கியிருந்த மற்றவர்கள் கடலைப் பார்க்கப் போயிருந்தார்கள்.

மடிப்பு காலிக் கட்டில்களிலிருந்து போர்வைகளை எடுத்து வந்து குண்டூசிமேல் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டாள். கழுத்து வரைக்கும் இழுத்து விட்டாள். கால்மாட்டில் எல்லாவற்றையும் சேர்த்து மெத்தைக்கு அடியில் சொருகி, மூலையைச் சாய்த்து மடித்து, கையை உள்ளே விட்டு இழுத்து இறுக்கினாள். இருமுறை தட்டினாள். சுருக்கம் இல்லை. எதிர்க் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்று வியர்த்தது. கால்மாட்டில் போர்வை ஒருதரம் எழும்பி அடங்கியது. மறுபடி எழும்பியது. பாதங்கள் இரண்டும் உள்ளேயிருந்து முட்டின. ஒரு பக்கம் போய்ப் பார்த்தன, மறுபக்கம் போய்ப் பார்த்தன. போர்வை அசைந்து கொடுக்கவில்லை. அதுதான் அவள் கைவேலை ஆயிற்றே. கண் திறக்காமல் குண்டூசி முனகினாள்.

"கால் மாட்டிக்கிச்சுடி. வெளிய எடுத்து விடேன். ஒரு மாதிரியா இருக்கு."

மடிப்பு எழுந்து போனாள். மூலையில் கையை வைத்தாள். வைத்த கை அப்படியே நின்றுவிட்டது.

அம்மா காலை ஆட்டிக்கிட்டே இருக்காங்க.

தோளில் இடுக்கிய போனும், கையில் இருந்த தலையணை உறைகளும், ஹோட்டல் தாழ்வாரத்தின் விளக்கு வெளிச்சமும் அப்படியே வந்து முன்னால் நின்றன. வலியா இருக்கும்ணா. நர்ஸைக் கூப்பிடு.

"என்னடி பண்றே?" என்றாள் குண்டூசி.

மடிப்பு மூலையைப் பிரித்தாள். ஒவ்வொரு போர்வையாக உருவி மேலே தள்ளினாள். பாதங்கள் வெளியே வந்தன. விரல்கள் விரிந்தன. குண்டூசி பெருமூச்சு விட்டுத் தூக்கத்துக்குள் போய்விட்டாள். அந்தப் பாதங்களைப் பார்த்துக்கொண்டு மடிப்பு எவ்வளவு நேரம் நின்றாளோ, அவளுக்குத் தெரியாது.

அந்த விடுதியில் நெட் கிடைப்பது வாசலில் செருப்பு அடுக்குகிற இடத்தில் மட்டும்தான். அங்கே போய்ச் சுவரோடு ஒட்டி நின்று அண்ணனைக் கூப்பிட்டாள். கிளம்பிய பிறகு அவன் பேசியிருக்கவில்லை, அவளும் பேசவில்லை. எடுக்க மாட்டான் என்றுதான் நினைத்தாள். எடுத்தான்.

"என்ன?"

"அண்ணா, அன்னிக்கு அம்மா காலை ஆட்டிக்கிட்டே இருந்தாங்கன்னு சொன்னியே."

மழைச் சத்தத்தில் கேட்கவில்லையோ என்று குரலை உயர்த்தினாள்.

"அது வலி இல்லண்ணா. நான்தான் போர்வையை அடியில சொருகிட்டேன். இறுக்கிச் சொருகிட்டேன். யோசிக்கவே இல்ல, கைப்பழக்கம். அம்மாவுக்கு எடுக்கத் தெம்பு இல்ல."

"தெரியும்" என்றான் அண்ணன்.

"தெரியுமா?"

"போன் பண்ணினப்ப தெரியாது. அப்புறம்தான் பார்த்தேன். எடுத்து விடப் போனேன். அம்மா விடல."

"ஏன்?"



"அது நீ போட்டதுன்னு நர்ஸ் சொல்லியிருக்காங்க. 'எம்பொண்ணு போட்டது, எவ்ளோ அழகா இருக்கு பாரு, கலைச்சிடாதே'ன்னாங்க. காலு கஷ்டமா இருக்குல்லம்மான்னேன். 'நாளைக்கு அவ வருவா, அவளே எடுத்து விடுவா'ன்னாங்க. அதுக்கப்புறம் பேசல."

அவள் முன்னால் செருப்புகள் தாறுமாறாகக் கிடந்தன. அவள் கை அவற்றை நேராக்கப் போகவில்லை.

"நீ ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ தாங்க மாட்டே."

நாலு பேர் முன்னால் மரக்கட்டை என்று சொன்ன அதே வாய்தான் இதையும் சொன்னது. சொன்னது என்னவென்று அவனுக்கே உறைத்திருக்க வேண்டும். பிறகு அவன், "சாப்பிட்டியா?" என்றான். சாப்பிட்டேன் என்றாள். சாப்பிடவில்லை.

கல்லாப்பெட்டி மாத்திரையும் சுடச்சுடக் கஞ்சியுமாக நனைந்துகொண்டு அறைக்குள் வந்தபோது, மடிப்பு கட்டில் கட்டிலாகப் போய்க்கொண்டிருந்தாள். காலையில் அவளே இறுக்கி வைத்த விரிப்புகளைக் கால்மாட்டில் உருவி உருவி வெளியே தொங்கவிட்டுக்கொண்டிருந்தாள். தங்களுடையது, அடுத்தவர்களுடையது என்று பார்க்கவில்லை.

"உனக்கென்ன பைத்தியமா? காலையில மெனக்கெட்டுப் போட்டுட்டு இப்ப எதுக்குடி கலைக்கிறே?"

"காலுக்கு மூச்சு வேணும்டி" என்றாள்.

சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்துவிட்டது. விரிப்பின் நுனியை முகத்தில் அழுத்திக்கொண்டு, வாயைத் திறந்து, சின்னப் பிள்ளை மாதிரி அழுதாள். மழைச் சத்தத்துக்கு மேலே கேட்கிற அழுகை. கல்லாப்பெட்டிக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் கஞ்சியைக் கீழே வைத்துவிட்டு வந்து, ஏன் எதற்கு என்று கேட்காமல், கட்டிலின் மறுபக்கத்திலிருந்து அவளும் உருவ ஆரம்பித்தாள்.

டீச்சர் மட்டும் மேல்கட்டிலில் வாயைப் பிளந்துகொண்டு குறட்டை விட்டாள். அந்தக் கைக்குட்டை அவள் தலைமாட்டில்தான் கிடந்தது. எழுப்பட்டுமா என்று கல்லாப்பெட்டி கண்ணால் கேட்டாள். மடிப்பு வேண்டாம் என்று தலையாட்டினாள். மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, ஏணியில் ஒரு படி ஏறி, டீச்சரின் கால்மாட்டில் இருந்ததையும் உருவி விட்டாள்.